பெட்ரோலியப் பொறியியல் படித்தவருக்கும் அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு பட்டத்தோடு முடிந்துவிடுமா?

முடிய வேண்டியதில்லை. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் எண்ணெய், எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல். கிரேக்கத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஏழையின் மகன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சக மாணவர்களுக்குக் கடிதத்தாள் விற்றுப் படித்தார். டென்னிஸ் அணித்தலைவரும் அவரே. 1940இல் பட்டம் பெற்றார்.

டெக்சாஸில் பார்னெட் ஷேல் என்னும் இறுகிய களிமண் பாறையிலிருந்து எரிவாயு எடுக்க 1981இல் அவர் தொடங்கிய முயற்சி பல ஆண்டுகள் கட்டுப்படியாகவில்லை. பாறையைப் பிளக்கச் செலுத்திவந்த விலை கூடிய கெட்டி ஜெல்லை விட்டுவிட்டு, பெரும்பாலும் தண்ணீரையே அழுத்தத்தில் செலுத்தியபோது, 1998இல்தான் எரிவாயு கைகொடுத்தது. யோசனை அவரது பொறியாளர்களுடையது, விடாப்பிடி அவருடையது.

பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்துக்கு அள்ளிக் கொடுத்தார். எண்ணெய்க்காரர் ஆனாலும், கொடுத்ததில் பெரும்பங்கு இயற்பியலுக்கும் வானியலுக்கும்தான். சிலியில் எழும் மெகல்லன் பெருந்தொலைநோக்கிக்கும் உதவினார். இன்று அங்குள்ள இயற்பியல் கட்டடங்களில் அவர் பெயரும் மனைவி சிந்தியாவின் பெயரும் இருக்கின்றன.