வயதான நாய்க்குக் கட்டி எடுக்க ஆபரேஷன் செய்யலாமா? மயக்க மருந்தைத் தாங்குமா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எங்கள் ஜூலிக்கு ஆபரேஷன் நடந்தபோது 11 வயது. மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று நீங்கள் கேட்டதையே நானும் பார்க்கிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசியில் மயக்க மருந்தை அவள் நன்றாகவே தாங்கினாள். எங்கள் வீட்டில் நடந்த தப்பெல்லாம் "பாவம்ல" என்ற ஒரே வார்த்தையில்தான் ஆரம்பித்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூலி சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் கலந்தவள். ஒல்லி உடம்பு, விலா எலும்பை எண்ணிவிடலாம். குட்டி போட்டதில்லை, கருத்தடையும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது பின்பக்கக் காம்புக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கொழுப்புக் கட்டி என்று நானாகவே முடிவுகட்டி விட்டுவிட்டேன். நாலு மாதத்தில் அது நெல்லிக்காய் ஆகிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பெண் நாய்க்கு வரும் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்று வகை. 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். முதல் தடவை பருவத்துக்கு வரும் முன்பே கருத்தடை செய்த நாய்க்கு இந்தக் கட்டி வருவதே மிக அபூர்வம். "ஒரு ஈத்தாவது போடட்டும், பாவம்" என்று தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்.

டாக்டர் கட்டியைத் தொடும் முன் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "வயசு எத்தனைன்னு நீங்க சொல்லிட்டீங்க. கிட்னியும் லிவரும் ஹார்ட்டும் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். ரத்தம் எடுத்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, மல்லாக்கவும் படுக்க வைத்து. மடிக்கட்டி பரவினால் நுரையீரலில் போய் உட்காருவது வழக்கம், அதற்காக. நுரையீரல் சுத்தம். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரி. பிளேட்லெட் மட்டும் 62,000.

டெங்கு வந்த புண்ணியத்தில் நம் ஊரில் பிளேட்லெட் தெரியாத ஆளே இல்லை. நாய்க்கு அது 2 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். குறைந்ததற்குக் காரணம் உண்ணி. உண்ணி கடித்து உள்ளே போகும் எர்லிக்கியா என்ற கிருமி, வெளியே பெரிதாக எதையும் காட்டாமல் மாதக்கணக்கில் உடம்புக்குள் இருக்குமாம். ஜூலி கொஞ்சம் சோம்பலாக இருந்தாள், மாடிப்படி ஏறவில்லை; வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். பிளேட்லெட் இப்படி இருக்கும்போது கத்தி வைத்தால் சின்னக் காயம்கூட ரத்தம் நிற்காமல் போகலாம். ஆபரேஷன் தள்ளிப்போனது. 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை, சாப்பாட்டோடு (வெறும் வயிற்றில் கொடுத்த முதல் நாளே வாந்தி எடுத்தாள்). முடிந்ததும் மறுபடி எடுத்துப் பார்த்ததில் 2 லட்சத்துப் பத்தாயிரம்.

உங்கள் நாய்க்கும் மற்ற பரிசோதனைகளோடு இந்த பிளேட்லெட் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். நம் ஊரில் உண்ணி இல்லாத தெரு எது?

டாக்டரிடம் நீங்களாகவே சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்களுடையது சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை நாய் ஜாதி என்றால், கலப்பாக இருந்தாலும், அதைச் சொல்லிவிடுங்கள். உடம்பில் கொழுப்பே இல்லாத இந்த வகை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் சீக்கிரம் இறங்காது. மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் கிடக்கும். மருந்தை மாற்றிக்கொள்ள டாக்டருக்கு வழி இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகளையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரவு 9 மணியோடு சாப்பாடு நிறுத்தம், தண்ணீர் மட்டும் காலை வரை. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதற்குத்தான் இந்தப் பட்டினி. இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். காலை ஏழு மணிக்கு நான் பல் தேய்த்துவிட்டு வருகிறேன், ஜூலி நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொண்டிருக்கிறாள். அம்மா டீ டம்ளரோடு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள்.

"பாதி மேரி பிஸ்கட்டுதாம்ல. வாயில்லா சீவன், மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கி. பாவம்ல."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் போனதும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, வரிசையில் கடைசியாகப் போட்டார். பத்து மணிக்கு நடக்கவேண்டியது மூன்று மணிக்கு நடந்தது.

முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். மயங்கியதும் தொண்டையில் குழாய் வைத்து, அதன் வழியாக ஆக்சிஜனும் மயக்க வாயுவும். கண் திறந்தே இருக்கும், காய்ந்துபோகாமல் இருக்க அதற்கு ஒரு களிம்பு. இவ்வளவுதான் நான் பார்த்தது, பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மயக்கம் தெளியும்போது நாய் எழுப்பும் சத்தத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜூலி ஊளையும் இல்லாத அழுகையும் இல்லாத ஒரு குரலில் விடாமல் கத்தினாள், என்னைப் பார்த்தாள், ஆனால் தெரிந்துகொள்ளவில்லை. வலியில் துடிக்கிறாள் என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டேன். "வலிக்கு ஊசி போட்டாச்சு. இது மருந்து இறங்குற குழப்பம். தலையில கை வச்சுட்டு பேசாம உக்காருங்க" என்றார். இருபது நிமிடத்தில் அடங்கினாள். உடம்பு சில்லென்று இருந்தது. ஒல்லி நாய்க்கு மயக்கத்தில் சூடு சட்டென்று இறங்கும். போர்வையைச் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் பொதிந்து பக்கத்தில் வைத்தோம். நாயின் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட், நம்மைவிடக் கூடுதல்.

ஆட்டோவுக்கு அரைமணி நேரம் நின்றோம். கட்டோடு இருக்கும் நாயைப் பார்த்ததும் மூன்று பேர் நிற்காமல் போனார்கள். போகும்போதே திரும்பி வருவதற்கும் ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரி நான் அவள் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். கட்டில், சோபா எதிலும் ஏற்றக்கூடாது. கால் பின்னி விழும். டைல்ஸ் தரையில் வயசான நாய்க்குச் சாதாரண நாளிலேயே பின்னங்கால் வழுக்கும், அதனால் படுக்கையிலிருந்து வாசல் வரை சாக்கு விரித்தோம். மேலே அப்பாவின் பழைய வேட்டி. வெள்ளை வேட்டி என்பதில் ஒரு வசதி: காயத்திலிருந்து என்ன கசிந்தாலும் நிறத்தோடு தெரிந்துவிடும். இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு பொட்டு இருந்தால் பயமில்லை. சொட்டுச் சொட்டாக ரத்தம், மஞ்சளாகச் சீழ், நாற்றம் என்றால் உடனே போகவேண்டும்.

ஈறின் நிறத்தை முன்கூட்டியே, நாய் நன்றாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்தது, விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பியது. வெளுத்தே கிடந்தால் உள்ளே ரத்தம் போகிறதோ என்று சந்தேகப்படவேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்றும் எண்ணினேன். 22 வந்தது. 30-க்குள் இருந்தால் சரி.

இரண்டு மணிக்கு வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டாள். அவ்வளவு டிரிப்ஸ் ஏற்றினால் போகத்தான் செய்யும். 11 வருடத்தில் வீட்டுக்குள் போனதே இல்லை, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மாற்றினேன்.

வந்த அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், வாந்தி இல்லை என்றால் ஒரு கைப்பிடி தயிர்சாதம். மறுநாளிலிருந்து வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, உப்பும் வெங்காயமும் இல்லாமல். காயம் ஆறப் புரதம் வேண்டும், பதினைந்து நாளும் தயிர்சாதத்திலேயே ஓட்டிவிடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், அதனால் குழம்பில் பிசைந்த சோறு வேண்டாம். மூன்று நாள் மலம் போகாவிட்டால் பதறவேண்டாம், பட்டினி கிடந்த வயிறு. மூத்திரம் ஒரு நாள் முழுக்கப் போகாவிட்டால்தான் போன் செய்யவேண்டும். தொண்டையில் குழாய் வைத்ததால் இரண்டு நாள் லேசாக இருமுவாள்.

பக்கத்து வீட்டு மாமா இரண்டாம் நாள் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தார். "எனக்கு முட்டுவலிக்கு இதுதான் கேக்கும், பாதி கொடு." நல்ல மனசுதான். ஆனால் அது ஐபுரூஃபென். நாய்க்கு வயிற்றில் புண், அதிகமானால் கிட்னியே போய்விடும். பாராசிட்டமாலையும் நாமாகக் கொடுக்கக்கூடாது. டாக்டர் எழுதிய வலி மருந்தை மட்டும், சாப்பிட்ட பிறகு, சொன்ன அளவில் கொடுத்தோம். அதிலும் வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொன்னார்.

மஞ்சள் கதையும் உண்டு. அம்மா கிண்ணத்தில் குழைத்தே வைத்துவிட்டாள். தையலில் பொடி போய் உட்காரும், சீழ் வந்தாலும் மஞ்சளோடு மஞ்சளாகத் தெரியாது என்று டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் விட்டாள். நிஜமான பயம் ஈ. ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலில் கொசுவலைக்குள் படுக்க வைத்தோம்.

இனி, நாங்கள் சறுக்கிய இடம். முதல் மூன்று நாள் நாய் தானாகவே அடங்கிக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நாலாம் ஐந்தாம் நாளில் வலி குறைந்து, தையல் அரிக்க ஆரம்பிக்கும். அப்போது அது பழைய நாய், தையல் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஜூலி அந்த பிளாஸ்டிக் கூம்பு காலரை மாட்டிக்கொண்டு கதவு நிலையில் இடிப்பாள், தண்ணீர்க் குடத்தைத் தட்டுவாள், பிறகு நடு ஹாலில் அப்படியே நின்று அம்மாவைப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் மத்தியானம் நான் வேலைக்குப் போயிருந்தேன். "சோறு திங்கும்போது மட்டும் கழத்துனேன். பாவம்ல." பத்தே நிமிடம். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு தையல் இல்லை.

அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்தையல் பிடித்திருந்ததால் மறுபடி மயக்க மருந்து தேவைப்படவில்லை. சுத்தம் செய்து மருந்து வைத்து, திறந்த இடம் தானாக மூடட்டும் என்று விட்டார். உள்தையலும் போயிருந்தால் இன்னொரு ஆபரேஷன்.

அதற்குப் பிறகு கண்டுபிடித்த வழி என் பழைய டி-ஷர்ட். முன்னங்கால்களைக் கைப்பக்கம் விட்டு, வயிற்றை மூடி, தொங்கும் துணியை முதுகில் முடிச்சுப் போட்டால் வயிற்றுத் தையலுக்கு அதுவே சட்டை. தினமும் மாற்றவேண்டும், ஈரமாக விடக்கூடாது. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது டி-ஷர்ட், இல்லாதபோதும் இரவிலும் காலர். வெளியே போவது கயிற்றோடு, மூத்திரத்துக்கு மட்டும். 12-ஆம் நாள் தையல் பிரிப்பதாக இருந்தது, எங்களுக்கு 16 ஆயிற்று.

எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். ஃபார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தனிச் செலவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் எதற்கு ஆபரேஷன் செய்தோம் என்றே தெரியாது. செலவு பயமாக இருந்தால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலேயே மருத்துவமனை உண்டு, கட்டணம் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

எங்கள் அறிக்கை பத்து நாள் கழித்து வந்தது. புற்று வகைதான். ஆனால் வெட்டிய ஓரங்கள் சுத்தம், எல்லாம் வெளியே வந்துவிட்டது. கர்ப்பப்பையையும் எடுத்துவிடலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் எக்ஸ்ரே. ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் இப்போது ஒவ்வொரு காம்பாக விரலால் தடவிப் பார்க்கிறேன்; ஜூலிக்கு அது வயிற்றைச் சொறிந்துவிடுவதாக நினைப்பு, காலைத் தூக்கிக் காட்டுகிறாள்.

அடுத்த எக்ஸ்ரே தை மாதம். எக்ஸ்ரேவுக்கு இவள் அசையாமல் படுத்துக்கொள்வாள், மயக்க ஊசி வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்.