பெயின்ட்டுக்கு அடியில் தேக்கு எதற்கு?

தம்பி, காரைக்குடியிலிருந்து டெல்லிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மயூர் விஹாரில் பழைய ஃபிளாட் வாங்கிவிட்டீர்கள், சந்தோஷம். சமையலறைக் கப்போர்டுகளுக்கு வெள்ளை பெயின்ட்தான் வேண்டும். அப்பா தேக்கு என்கிறார், மிஸ்திரி (இங்கே தச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பிளைவுட் என்கிறார், கடைக்காரர் எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அப்பா. பர்மா தேக்குக் கதவைத் தடவி வளர்ந்தவருக்கு வேறு எதுவும் மரமாகவே தெரியாது. ஆனால் அந்தக் கதவுக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லையே! தேக்கின் அழகே அதன் ரேகைதான். அதை மூடி மறைக்கவா அவ்வளவு காசு? போதாததற்கு தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பெயின்ட் லேசில் பிடிக்காது.

இதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். என் முதல் வீட்டில், மிஸ்திரி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தேக்குச் சட்டம் போட்டுக் கதவு செய்து வெள்ளை அடித்தேன். முதல் மே மாதத்திலேயே சட்டத்தின் நான்கு மூலையிலும், நெட்டுச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேருமிடத்தில், தலைமுடி கனத்துக்கு விரிசல். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஆகஸ்டில் அதே கதவுகள் உப்பி ஒன்றோடொன்று உரசின. அடுத்த வருடம் வெள்ளைக்குள்ளிருந்து பழுப்புக் கறை எட்டிப் பார்த்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். நம் ஊரில் அது பெரிதாகத் தெரியாது. இங்கே லூ என்கிற கோடை அனல்காற்று அடிக்கும்போது உதடே வெடிக்கிறது, இரண்டு மாதத்தில் சுவரெல்லாம் ஈரம். மரம் என்ன செய்யும்?

கதவை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் கப்போர்டுப் பெட்டிகளுக்கு மிஸ்திரி சொல்வதுதான் சரி. 18 மி.மீ. பிளைவுட், அதுவும் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் வகை. அதன் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிப்பார்கள். முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதை யாரும் குத்திவிடலாம். மரச்சாமான் கடைகள் நிறைந்த கீர்த்தி நகரில் வாங்குகிறீர்கள் என்றால் வெட்டிய ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடுக்குகளுக்கு நடுவில் விரல்நுனி அளவு ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். ஸ்குரூ அங்கே போய் நின்றால் பிடிப்பே இருக்காது. ஒரு துண்டு வாங்கிவந்து பழைய பாத்திரத்தில் நாள் முழுக்கக் கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் விடை கிடைத்துவிட்டது. வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. உள்பக்கத்துக்குப் பெயின்ட் வேண்டாம், சன்மைக்கா ஒட்டிவிடுங்கள். பாத்திரம் உரசும் இடம்.

கதவுக்கு மட்டும் கடைக்காரர் பக்கம் சாய்கிறேன். பிளைவுட்டின் மேல்தோலும் மரம்தானே, எவ்வளவு பட்டி பார்த்தாலும் சில மாதத்தில் ரேகை பெயின்ட்டின் மேல் கோடு கோடாகத் தெரியும். உயரமான கதவு வளையவும் செய்யும். எம்.டி.எஃப்.பில் ரேகையே கிடையாது, கண்ணாடி மாதிரி வரும். அதிலும் எச்.டி.எச்.எம்.ஆர். என்று ஈரம் தாங்கும் வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஆனால் எதுவானாலும் வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சும், ஒருமுறை ஊதினால் திரும்பாது. ஓரங்களுக்கும், கீல் பதிக்கும் 35 மி.மீ. குழிக்குள்ளும் சீலர் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

சட்டம் போட்ட கதவுதான் ஆசையென்றால், அந்த வடிவத்தை ஒரே எம்.டி.எஃப். பலகையில் ரூட்டர் என்கிற குடையும் மெஷின் வைத்துக் குடைந்துவிடலாம். மூட்டே இல்லை, அப்புறம் விரிசல் எங்கே வரும்?

சிங்க்குக்கு அடியில் எம்.டி.எஃப். பெட்டி வேண்டவே வேண்டாம். பழைய வீடு, சுவரில் ஓதம் இருக்கும். இங்கே அதை சீலன் என்பார்கள். கரையானுக்கு தீமக். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் மிஸ்திரியிடம் பாதி வேலை முடிந்தது.

பெயின்ட் பி.யூ. (பாலியூரித்தேன்) தான், ஸ்பிரே அடித்தது. வீட்டுக்குள் அடிக்க விடாதீர்கள்; மே மாதப் புழுதி ஒவ்வொரு பூச்சிலும் ஒட்டும். பட்டறையில் அடித்துக் கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்னால் முடியும் என்று சொன்னால் எழுதி வாங்குங்கள். பீகார்க்காரர்கள் என்றால் தீபாவளி முடிந்த சில நாளில் வரும் சட் பூஜைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், கதவில்லாத கப்போர்டைப் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒன்று மறந்தேன், மஞ்சள். சாம்பார்க் கையோடு மேட் வெள்ளைக் கதவைத் திறந்தால் அது அங்கேயே தங்கிவிடும். அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளை மட்டுமாவது பளபளப்பு வகையில், கொஞ்சம் ஐவரி நிறத்தில் அடிக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை இன்னமும் மஞ்சளாக இருக்கிறது, யாருடையது என்பதில்தான் தகராறு.