நிலாவெளிக் கடலுக்கு மேல் ஒரு வெளிச்சம்: விமானப்படையிடம் சொல்லலாமா?

கேள்வி: நான் திருகோணமலை நிலாவெளியில் இருக்கிறேன். ஒருநாள் விடியப்புறம் ஐந்தரை மணி போல வாடிக்குப் போகும்போது, வடக்கே கடலோடு ஒட்டி ஒரு வெளிச்சம் எழும்பியது. விசிறி மாதிரி விரிந்து கிழக்குப் பக்கமாகப் போய், நாலைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. சத்தமே இல்லை. போனில் வீடியோ எடுத்தேன். சீனக்குடா விமானப்படையிடம் சொன்னால் விசாரிப்பார்களா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது என்ன என்று அவர்கள் வந்து விளக்குவார்கள் என்று காத்திருக்காதீர்கள். படைக்காரர் பார்ப்பது ஒன்றைத்தான்: இதனால் ஆபத்து உண்டா? இல்லை என்று தெரிந்தால் அவர்கள் வேலை முடிந்தது. திருகோணமலையில் அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்ததும், 2008 ஆகஸ்டில் புலிகளின் சிறு விமானம் கடற்படைத் தளத்தில் குண்டு போட்டதும் இதே வானத்தில்தான்.

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை இப்படியான 12,618 சம்பவங்களைப் பதிவு செய்தது. 1952 முதல் அந்த வேலைக்கு 'புளூ புக்' என்று பெயர். அந்தச் சம்பவங்களில் 701 அடையாளம் காணப்படாமலே போயின. எல்லாரும் அந்த 701-ஐப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியம், 'போதிய தகவல் இல்லை' என்று அவர்கள் ஒதுக்கிய கோப்புகள். கண்டவரிடம் சரியான நேரமோ திசையோ இல்லாவிட்டால் எந்தப் படையாலும் ஒன்றும் செய்ய முடியாது. புளூ புக் படிவத்தில், கண்ட பொருள் கையை நீட்டிப் பிடித்த பட்டாணி அளவா, நாணயம் அளவா என்றுகூடக் கேட்டிருந்தார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தீர்களா என்றும் ஒரு கேள்வி. பிரிட்டன் 2009-இல் இதற்கான பிரிவையே மூடிவிட்டது. ஐம்பது வருட முறைப்பாடுகளில் ஒன்றுகூட நாட்டுக்கு அச்சுறுத்தலாகத் தெரியவில்லையாம்.

சரி, உங்கள் வெளிச்சத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து போன ரொக்கெட் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஏவுதளம் இங்கிருந்து வடக்கே 600 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. செயற்கைக்கோள் ஏற்றிப்போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டை நேராகத் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலாகப் பறக்கும். அதனால் முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேல் அனுப்பி, பிறகுதான் தெற்கே திருப்புகிறார்கள். விடியுமுன் எங்களுக்கு இருட்டாக இருந்தாலும் ரொக்கெட் பறக்கும் உயரத்தில் வெயில் அடிக்கும். அங்கே காற்று மெலிந்திருப்பதால் புகை விசிறியாக விரிந்து மினுங்கும். தூரம் அதிகம், சத்தம் வராது. இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ அறிவித்த ஏவுநேரத்தோடு உங்கள் வீடியோவின் நேரத்தை ஒப்பிடுங்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

பொருந்தவில்லையா? அப்போது முறைப்பாடு செய்யுங்கள், பக்கத்துப் பொலிஸ் நிலையமே போதும். நின்ற இடத்துக்கே திரும்பப் போய், போனில் உள்ள திசைகாட்டியால் திசையைக் குறியுங்கள். உயரத்துக்கு, கையை நீட்டி விரல்களைப் பொத்தி, அடிவானத்திலிருந்து எத்தனை கைமுட்டி உயரம் என்று பாருங்கள். ஒரு கைமுட்டி ஏறத்தாழ 10 பாகை. கூட இருந்தவர் உங்களோடு பேசிக் கதை ஒன்றாவதற்கு முன்பே தனியாக எழுதட்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்து, கோப்பில் பதிந்த விவரங்களும் போய்விடும். போனில் உள்ள மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். இன்னொரு தடவை படம் பிடிக்கிறேன் என்று முகாம் வேலிப் பக்கம் போகவோ, அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடவோ வேண்டாம். சிக்கல் வந்தால் அதனால்தான் வரும்.

அப்புறம் ஒன்று. கரையிலோ வலையிலோ உலோக உருளை ஏதும் அகப்பட்டால் தொடாதீர்கள். ரொக்கெட் பாகமாக இருந்தால் உள்ளே மிச்ச எரிபொருள் இருக்கலாம், அதில் சிலவகை கடும் நஞ்சு. படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவராமல் முதலில் கடற்படைக்குச் சொல்லுங்கள்.