அயர்லாந்து உள்ளூர் கால்பந்துக்கு 15 யூரோ டிக்கெட் கொள்ளையா?

கேட்டவர் அயர்லாந்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு மைதானத்துக்குப் போய், வாசலில் விலையைக் கேட்டிருப்பார். இந்தக் காசுக்கு வீட்டில் உட்கார்ந்து லிவர்பூலையே பார்த்துவிடலாமே என்று தோன்றியிருக்கும். "உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு 15, 20 யூரோ வாங்குவது கொள்ளை இல்லையா? இந்தப் பணம் யார் பைக்குப் போகிறது?" என்பது கேள்வி. அந்தக் 'கொள்ளை' என்ற வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வாசலில் நின்று அந்தப் பணத்தை வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ், கணக்குப் படித்தவள் இல்லை. டப்ளினுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். என் மகன் அங்குள்ள கிளப்பின் சிறுவர் அணியில் ஆடுகிறான். அவனைக் கொண்டுவிடப் போனவள், உறுப்பினராகி, டிக்கெட் வாசலில் தன்னார்வலராக நிற்கிறேன். எங்கள் கிளப் முதல் டிவிஷனில் இருக்கிறது. பெயர்தான் முதல் டிவிஷன், உண்மையில் அது இரண்டாம் நிலை. அதற்கு மேலே பிரீமியர் டிவிஷன். கிளப்பின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'நீ கிளப் ஆள், அப்படித்தான் பேசுவாய்' என்று யாராவது சொல்வீர்கள். சந்தா கட்டுகிறேன், சம்பளம் வாங்கவில்லை. அவ்வளவுதான்.

போன வருஷம் மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானத்திலிருந்து விடாத மழை. ஆறரை மணிக்கு வாசலைத் திறந்துவிட்டோம். ஏழு மணிக்கு நடுவர் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார். கோல் பக்கத்தில் பந்தை உருட்டினார். அது இரண்டடி போய்த் தண்ணீரில் நின்றுவிட்டது. ஆட்டம் ரத்து.

அதற்குள் பாதுகாப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. எதிரணியின் பஸ் ஊருக்குள் நுழைந்தாகிவிட்டது. டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பாதிப் பேர் வாங்கிக்கொண்டார்கள். அதில் தப்பே இல்லை. மீதிப் பேர் அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிப் போனார்கள். எல்லாம் முடிந்து அலுவலக அறைக்குப் போனபோது எங்கள் பொருளாளர் நோட்டுகளை ஹீட்டரின் மேல் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். எல்லா ஐந்து யூரோ நோட்டும் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. ஈரத்தில் இரண்டு நோட்டு ஒட்டிக்கொள்ளும், காயாமல் எண்ணினால் கணக்கு தப்பும் என்றார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் ஆச்சி சொல்வாளே, அது நினைவுக்கு வந்தது.

பிறகு தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பாதுகாப்பு ஆட்களுக்கு, ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், குறைந்தபட்சம் நான்கு மணி நேரச் சம்பளம். ஆம்புலன்ஸுக்கு முழுத் தொகை. நடுவர்களின் பயணச் செலவு. வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு: டிக்கெட் பணம். அந்தப் பணம் இந்தச் செலவுகளுக்குத்தான் போகிறது, நீங்கள் கேட்ட 'யார் பை' என்பதற்கு அதுதான் பதில்.

எங்களைப் போன்ற கிளப்புக்கு டிவிப் பணம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. இங்கிலாந்துப் பெரிய கிளப்புகளுக்கு டிக்கெட் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. எங்களுக்கு அதுதான் கஞ்சி. பெரிய பணம் வேண்டுமானால் ஐரோப்பியக் கிளப் போட்டிகளுக்குப் போக வேண்டும். டப்ளின் கிளப்பான ஷாம்ராக் ரோவர்ஸ் 2024-இல் அப்படியொரு போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் முக்கியச் சுற்றுக்குள் போனது. அதில் நுழைந்ததற்கு மட்டும் ஒரு கிளப்புக்கு 31.7 லட்சம் யூரோ. பிறகு ஒவ்வொரு வெற்றிக்கும் 4 லட்சம். வாசலில் 15 யூரோவாகச் சேர்த்து அந்தத் தொகையை எடுக்க எங்களுக்கு எத்தனை பிறவி வேண்டும்! ஆனால் அந்தப் பணம் வந்துவிடும் என்று நம்பிச் செலவு செய்தவர்கள்தான் இந்த நாட்டில் மூழ்கிப் போனார்கள்.

இது வாய்ப்பேச்சு இல்லை. 2005-இல் அயர்லாந்து லீக் சாம்பியன் கார்க் சிட்டி. மூன்றே வருஷத்தில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போனது. 2010-இல் அந்தக் கம்பெனியே கலைக்கப்பட்டது. 2006 சாம்பியன் ஷெல்போர்ன். சம்பளம் கொடுக்க முடியாமல், கோப்பை வாங்கிய சில மாதங்களிலேயே கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. 2007 சாம்பியன் ட்ரோஹெடா யுனைடெட், அடுத்த வருஷமே நீதிமன்றத்தில். 2008, 2009 சாம்பியன் பொஹிமியன்ஸ். தங்கள் டேலிமவுண்ட் மைதானத்தைக் கட்டுமான முதலாளிக்கு விற்று, அதில் வரும் பணத்தை நம்பியிருந்தார்கள். நிலச் சந்தை சரிந்தது, பேரம் முறிந்தது, கிளப் சாவின் விளிம்புக்குப் போய் வந்தது. கடைசியில் 2015-இல் டப்ளின் மாநகராட்சிதான் மைதானத்தை வாங்கியது. அடுத்தடுத்து ஐந்து வருஷச் சாம்பியன்கள், நான்கு கிளப், நான்கும் கடனில். இவர்கள் யாரும் டிக்கெட் விலையால் கெடவில்லை. வராத பணத்தை வந்ததாக எழுதிக்கொண்டு கெட்டார்கள்.

டண்டால்க் கதை இன்னும் வலிக்கும். 2016-இல் இன்னொரு ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கில் இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவைத் தோற்கடித்த அணி அது. அந்த ஒரு வருஷத்தில் ஐரோப்பாவிலிருந்து சுமார் 70 லட்சம் யூரோ வந்ததாகச் சொன்னார்கள். 2024-இல் அதே கிளப் கதவைச் சாத்தும் நிலைக்கு வந்து, டிவிஷனும் இறங்கியது. 2025-இல் மீண்டு மேலே வந்துவிட்டார்கள், சந்தோஷம். நடுவில் எத்தனை பேர் சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டு தூங்காமல் கிடந்திருப்பார்கள்?

எழுந்து நின்றவர்களையும் சொல்ல வேண்டும். ஷாம்ராக் ரோவர்ஸை 2005 கடன் சரிவிலிருந்து தூக்கியவர்கள் ரசிகர்கள்தான். ஆளுக்குக் கொஞ்சமாக மாதாமாதம் கட்டியே கிளப்பை எடுத்து நடத்தினார்கள். கார்க்கிலும் 2010-இல் ரசிகர் அறக்கட்டளைதான் எடுத்து நடத்தியது. 2017-இல் லீக், கோப்பை இரண்டையும் வென்றார்கள்.

விலை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாங்கள் முன்பிருந்த வீட்டில் மாதம் 1,900 யூரோ வாடகை கொடுத்தோம். நான்கு வருஷம் ஒரு மாதம் தவறவில்லை. காலி செய்தபோது படிக்கட்டுக் கார்ப்பெட்டில் உள்ளங்கை அளவு கறை இருந்ததைக் காட்டி, முழு அட்வான்ஸையும் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். அந்தக் கறை நாங்கள் வரும்போதே இருந்தது. போட்டோ எடுத்து வைக்காதது நாங்கள் செய்த பிழை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த வீட்டைப் பற்றி ஒருவரும் 'கொள்ளை' என்று கேட்டதில்லை, ஊர் நிலவரம் அப்படி என்றார்கள். கப்பலேறி இங்கிலாந்து போய் ஒரே ஆட்டத்துக்கு டிக்கெட், ஓட்டல், சாப்பாடு என்று நூற்றுக்கணக்கில் செலவழித்துவிட்டு வரும் நம்மவர்களை எனக்குத் தெரியும். அது அவர்கள் ஆசை, நான் குறுக்கே நிற்கவில்லை. அந்த வார்த்தையை எங்கள் வாசலில் மட்டும் கொண்டுவந்து போடும்போதுதான் மனசு கேட்கவில்லை.

விலை அதிகமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். நான்கு பேர் குடும்பம் மாதம் இரண்டு ஆட்டம் போனால் பெரிய தொகைதான். எங்கள் கிளப்பில் 12 யூரோவை 15 ஆக்கும் தீர்மானம் முதல் தடவை வந்தபோது எதிர்த்துப் பேசியவளே நான்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்படியே போய்ப் பேசினேன், தீர்மானம் தோற்றது. ஈர நோட்டு காய்ந்த அந்த மார்ச்சுக்கு அப்புறம், நவம்பர் கூட்டத்தில் மறுபடி வந்தது. இந்த முறை ஆதரித்துக் கை தூக்கினேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், பெரியவர் ஒருவரோடு வந்தால் காசு வாங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நிறைவேறின. இன்றைக்கு விலை ஏற்றிய கிளப்பைக் கேள்வி கேளுங்கள், ஆனால் 'எவ்வளவு' என்பதோடு நிற்காமல் 'குழந்தைக்கு எவ்வளவு, கூட்டத்தில் கணக்கு காட்டுகிறீர்களா' என்றும் கேளுங்கள். உறுப்பினர்கள் நடத்தும் கிளப்பாக இருந்தால் சந்தா கட்டியவருக்குக் கேட்க உரிமை உண்டு.

மழையில் நின்றுபோன அந்த ஆட்டத்தை ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தார்கள். வாரநாள், மறுநாள் பள்ளிக்கூடம். 163 பேர் வந்தார்கள். அதில் பலர் பழைய டிக்கெட்டை நீட்டினார்கள், கிழித்து உள்ளே விட்டேன். ஆம்புலன்ஸுக்கு மறுபடியும் முழுத் தொகை கொடுத்தோம்.