பஸ் நிலையத்திலிருந்து ஒரு பொய் போன்

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளி என்பதை ஒழித்த 1954 தீர்ப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டாமே? நிஜமா, சும்மா அளக்கிறார்களா?

பதில்: நிஜம்தான். வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்று ஒரு சின்ன ஊர். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இல் அங்கே கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 180 பேர்தான் படிக்க முடியும். 1951இல் இருந்தவர்களோ 450 பேர். புதுக் கட்டடம் கேட்டதற்குக் கல்விக் குழு தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. மழை வந்தால் ஒழுகும், பனிக்காலத்தில் அடுப்புப் பக்கம் இருப்பவர் வேகவும் தள்ளி இருப்பவர் கோட்டுக்குள் நடுங்கவும் வேண்டியதுதான். பார்த்தவர்கள் கோழிக்கூண்டு என்றார்கள்.

பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி சில பேரைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாகத் திட்டம் போட்டார். 1951 ஏப்ரல் 23. நம் பிள்ளைகள் சிலர் பஸ் நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு போன், அவர் பதறிக்கொண்டு கிளம்பினார். அப்புறம் அவர் பெயரில் போலிச் சீட்டு அனுப்பி எல்லோரையும் கூட்ட அரங்குக்கு வரவழைத்தார்கள். திரை விலகினால் மேடையில் பார்பரா! ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினார், பள்ளி முழுவதும் வெளிநடப்பு செய்தது. (தலைமை ஆசிரியரை வேலையிலிருந்து காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்பது என் எண்ணம்.)

பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம் மட்டுமே. உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையே கூடாது என்று வழக்குப் போடுவதானால்தான் வருவோம் என்றார்கள். ஒரே மாதத்தில், 117 மாணவர்கள் சார்பில் வழக்குப் பதிவானது. 1954 தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் மாணவர் போராட்டத்தில் தொடங்கியது இது ஒன்றுதான்.

கேள்வி: சரி, ஜெயித்த பிறகாவது ஒன்றாகப் படித்தார்களா?

பதில்: அங்கேதான் வயிறு எரிகிறது. இனி இழுத்தடிக்கக் கூடாது என்று 1959இல் நீதிமன்றம் சொன்னதும், அந்த மாவட்ட நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவதையே நிறுத்தி, அத்தனை அரசுப் பள்ளிகளுக்கும் பூட்டுப் போட்டது. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்துவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார்கள், சிலருக்குத் தேவாலயங்களில் நடந்த வகுப்புகள் கிடைத்தன, பலருக்குப் படிப்பு அதோடு சரி. உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு 1964இல் பள்ளிகள் திறக்கும்வரை ஐந்து வருஷம் இதே கதை. ஒரு பிள்ளையின் பள்ளிப்படிப்பில் ஐந்து வருஷம் என்றால் எவ்வளவு என்று பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அந்தப் பள்ளி இப்போதும் இருக்கிறதா?

பதில்: கட்டடம் இருக்கிறது. 1998இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பிற்காலத்தில் நூலகராக வேலை பார்த்த பார்பரா அதைப் பார்க்கவில்லை, 1991இலேயே இறந்துவிட்டார். பூட்டிய பள்ளிகளால் படிப்பை இழந்தவர்கள் மறுபடி படிக்க, வர்ஜீனியா அரசு 2004இல் ஒரு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. 1959இல் ஆறு வயதாக இருந்தவருக்கு அப்போது 51.