குருதித் தண்டுக் கலங்கள் முளையத்தில் எங்கே பிறக்கின்றன? தலசீமியாவுக்கு அதனால் என்ன பயன்?

நீங்கள் கேட்ட கேள்வியில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. என்பு மச்சையில்தான் குருதி உண்டாகிறது என்று உயர்தரத்தில் படித்தோமே, முளையத்தின் பெருநாடியில் உண்டாகிறது என்று இப்போது ஏன் சொல்கிறார்கள் என்பது ஒன்று. நல்ல செங்குழியங்கள் போதியளவு உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா உங்கள் அக்காவின் மகளுக்கு இருக்கிறது, அவளுக்கு ஆய்வுகூடத்திலேயே குருதித் தண்டுக் கலங்களைச் செய்து கொடுக்க முடியாதா என்பது மற்றையது. திருகோணமலையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்பவன் என்ற அளவில் எழுதுகிறேன். பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை அவளைப் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

முதற் கேள்விக்கு விடை இதுதான்: குருதித் தண்டுக் கலங்கள், அதாவது பத்திரிகைகள் ஸ்டெம் செல் என்று எழுதுபவை, வாழ்நாள் முழுவதும் குடியிருப்பது மச்சையில், ஆனால் அவை பிறப்பது அங்கே அன்று. மச்சை என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே, ஒரு குறுகிய காலப்பகுதிக்குள் முளையத்தில் பிறந்து, பிறகு தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு நம் கடைசி நாள்வரை குருதியைத் தருகின்றன.

எங்கே பிறக்கின்றன என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. முளையத்தில் முதன்முதலாகக் குருதி தென்படும் இடம் உடலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பை. மனித முளையத்தில் மூன்றாம் வாரத்திலேயே அங்கே கரு நீங்காத பெரிய செங்குழியங்கள் தோன்றிவிடுகின்றன. ஆகவே தண்டுக் கலங்களும் அங்கிருந்தே உடலுக்குள் வந்து குடியேறுகின்றன என்று 1960களிலும் 1970இலும் வெளிவந்த ஆய்வுகள் கருதின. இதை அசைத்தவர் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவாஸ் டியேதெர்லென்-லியேவ்ர். 1975இல் அவர் வெளியிட்ட பரிசோதனை, நுணுக்குக்காட்டியோடு வாழும் என் போன்றவர்களுக்கு இன்றும் சுவையானது. காடையின் முளையத்தைக் கோழியின் மஞ்சட்கருப் பையின் மீது, குருதியோட்டம் தொடங்குமுன் ஒட்டி வளர்த்தார். காடைக் கலத்தின் கருவைச் சாயமிட்டால் நடுவே அடர்ந்த ஒரு புள்ளி தெரியும், கோழிக் கலத்தில் அது இராது. எனவே எந்தக் கலம் யாருடையது என்று வழுக்கியைப் பார்த்தே சொல்லிவிடலாம். வளர்ந்த முளையத்தின் தைமசிலும் மண்ணீரலிலும் இருந்த குருதிக் கலங்கள் காடையுடையவையாக இருந்தன. நிலையான குருதியின் மூலம் பையில் இல்லை, உடலுக்குள்ளேயே இருக்கிறது என்பது அதிலிருந்து பெறப்பட்டது. பாலூட்டிகளிலும் இதுவே உண்மை என்பதை 1996இல் அலெக்சாண்டர் மெட்வின்ஸ்கியும் எலைன் சியர்சாக்கும் சுண்டெலியில் காட்டினார்கள். முளையத்தின் பெருநாடியையும் அதை ஒட்டிய சிறுநீரக, சனனி மூலங்களையும் வெட்டியெடுத்துத் தனியே வளர்த்தபோது அந்தத் துண்டே தண்டுக் கலங்களை உண்டாக்கியது.

பெருநாடியில் நடப்பதை 2010இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் உயிருள்ள முளையங்களில் நேரடியாகப் பார்த்தன. சீப்ரா மீனின் முளையம் கண்ணாடிபோல ஒளி ஊடுருவ விடுவதால் அது இயன்றது. பெருநாடியின் அடிச்சுவரில் தட்டையாகப் படிந்து குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணிக் கலம் ஒன்று மெல்ல வளைந்து, உருண்டு, அயற்கலங்களின் பிடியிலிருந்து கழன்று, குருதித் தண்டுக் கலமாகிவிடுகிறது. குழாயின் சுவராக இருந்தது, குழாய்க்குள் ஓடும் பொருளாக மாறுகிறது. ரன்க்ஸ்1 என்ற பரம்பரையலகு இல்லாவிட்டால் இந்த மாற்றம் நடப்பதில்லை. இதயத் துடிப்பும் அவசியம்: ஓடும் குருதி சுவரில் உராயும் விசை குறைந்தால் தண்டுக் கலங்களும் குறைகின்றன என்று 2009இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எனக்கு இந்த முழுத் துறையிலும் வியப்பூட்டுவது இதுதான். இதயம் துடிக்கத் தொடங்குவது உணவையும் ஒட்சிசனையும் கொண்டுசெல்ல மட்டுமே என்றுதான் நாம் படித்தோம்.

மனிதரில் நான்காம் வார இறுதியளவில் பெருநாடியின் அடிச்சுவரில் இக்கலக் கொத்துகள் தோன்றுகின்றன. உண்மையான தண்டுக் கலங்கள் அவற்றுள் மிகச் சில. ஆனால் அப்படிப்பட்ட ஒன்று, குறைந்தது 300 தண்டுக் கலங்களைப் பிறப்பிக்க வல்லது என்று 2011இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாற்றங்காலில் முளைத்தவற்றை வயலுக்குப் பெயர்ப்பதுபோல, அவை முதலில் ஈரலுக்குச் சென்று பெருகி, பின்னர் மச்சைக்குப் போய்த் தங்குகின்றன.

தலசீமியா உள்ள பிள்ளைகளின் குருதிப் பூச்சில் இந்தப் பழைய வரலாற்றின் சாயல் தெரியும். மச்சை எவ்வளவு முயன்றும் நல்ல செங்குழியம் போதாமற் போகும்போது, முளையக் காலத்தில் விட்டுவிட்ட தொழிலை ஈரலும் மண்ணீரலும் மறுபடி தொடங்குகின்றன. வயிறு பெருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லீஷ்மன் சாயமிட்ட வழுக்கியில், வெளிறிய செங்குழியங்களுக்கிடையே கருநீல உருண்டைக் கருவோடு முதிராத செங்குழியங்கள் நிற்கும். எண்ணும் இயந்திரங்கள் சில இவற்றையும் வெண்குழியமென்று எண்ணிவிடும். அப்போது 100 வெண்குழியங்களுக்கு இவை எத்தனை என்று கண்ணால் எண்ணி, கணக்கைத் திருத்தியே அறிக்கை எழுத வேண்டும். இல்லையேல் பிள்ளைக்குக் கடும் தொற்று என்று வாட்டில் பதறுவார்கள்.

இனி இரண்டாம் கேள்வி. நோயுள்ளவரின் மச்சைக்குப் பதிலாகக் கொடையாளியின் நல்ல தண்டுக் கலங்களைக் குடியேற்றும் மச்சை மாற்றுச் சிகிச்சை புதியதன்று. 1957இல் முதல் முயற்சிகளை வெளியிட்ட டொனால் தோமசுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. தடையாக இருப்பது பொருந்தும் கொடையாளி. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒவ்வொரு சகோதரரும் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயாளியின் தோற்கலத்தையே 2007இல் யப்பானிய விஞ்ஞானி யமனக்கா காட்டிய வழியில் முளைய நிலைக்குத் திருப்பி, பரம்பரைக் குறையைத் திருத்தி, அதிலிருந்து குருதித் தண்டுக் கலம் செய்தால் கொடையாளியே தேவையில்லை. சொல்ல எளிது. ஆய்வுகூடக் கிண்ணத்தில் செங்குழியமும் வெண்குழியமும் வந்தன. மச்சையில் தங்கி நெடுநாள் நின்று பெருகும் தண்டுக் கலம் மட்டும் வரவில்லை. காரணம், மஞ்சட்கருப் பையின் குருதி கிண்ணத்தில் சுலபமாக வந்துவிடுகிறது, பெருநாடியின் குருதி வருவதில்லை. 2017இல் பொஸ்டனில் ஜோர்ஜ் டேலியின் குழு ஏழு பரம்பரையலகுகளை உட்புகுத்தி ஓரளவு வென்றது. ஆனால் வெளியிலிருந்து புகுத்தியவை புற்றுநோய்க்கு வழிவகுக்குமோ என்ற கவலை இருந்தது. 2024இல் மெல்பேணின் மேர்டொக் சிறுவர் ஆய்வு நிறுவகத்தினர் எதையும் உட்புகுத்தாமல், முளையத்தின் ஒழுங்கையே பின்பற்றி, உரிய நாளில் உரிய வளர்ச்சிக் காரணிகளோடு உயிர்ச்சத்து ஏ சார்ந்த ஒரு பொருளையும் சேர்த்து, எலிகளின் மச்சையில் நெடுங்காலம் தங்கும் மனிதக் கலங்களை உண்டாக்கினார்கள். அப்போதும் எல்லா எலிகளிலும் அன்று, கால்பங்கு முதல் அரைப்பங்கு வரையானவற்றில்தான். மனிதச் சிகிச்சை என்று இதை இப்போது யாராவது விற்றால், வாங்காதீர்கள்.

2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை வேறு வகையானது. அது நோயாளியின் சொந்தத் தண்டுக் கலங்களை எடுத்துத் திருத்தி, பிறந்த பிறகு அடங்கிப்போகும் முதிர்மூலவுரு ஈமோகுளோபினை மீண்டும் எழுப்புகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர் என்பதால் நமக்கு அது இப்போதைக்கு எட்டாக்கனி.

அக்காவுக்குச் சொல்லக்கூடியவை வேறு. பிள்ளைக்குச் சகோதரர் இருந்தால் கொடையாளியாகப் பொருந்துவாரா என்று பார்க்கும் எச்எல்ஏ பொருத்தப் பரிசோதனை பற்றிக் கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள்; தலசீமியாவுக்கென்றே தனி நிலையம் உள்ள குருநாகலுக்கு இங்கிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக ஒரே வீதிதான். அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால், அதன் தொப்புள்கொடிக் குருதியைச் சேமிப்பது பற்றிப் பிரசவத்துக்கு முன்பே பேசலாம். நோயுள்ள பிள்ளையின் சொந்தக் கொடிக் குருதி இதற்கு உதவாது, அதே குறை அதிலும் இருக்கும். அடிக்கடி குருதி ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தை எந்தக் காரணம் கொண்டும் இடையில் நிறுத்த வேண்டாம். இத்தாலியின் பெசாரோவில் வைத்தியர் லூக்கரெல்லி தலசீமியாப் பிள்ளைகளுக்கு மச்சை மாற்றியபோது, யாருக்கு அது கைகூடும் என்று கணிக்கப் பார்த்த மூன்றில் ஒன்று, இந்த மருந்தை ஒழுங்காக எடுத்தார்களா என்பது. மற்ற இரண்டு, ஈரல் எவ்வளவு பெருத்திருக்கிறது, அதில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பன.