வார்த்த பாறையை எப்போது தொட்டியில் இறக்கலாம்? கடல்தொட்டி ஆர்வலர் கேள்வி பதில்

உப்புநீர்த் தொட்டியில் மீனும் பவளமும் வளர்க்கும் கடல்தொட்டி ஆர்வலர்கள் சுங்கை சிப்புட்டில் அண்மையில் நடத்திய சந்திப்பில், பவளத் துண்டுகளைவிடக் கூடுதலாகக் கண்ணைக் கவர்ந்தவை மண்டபத்தின் ஓரத்து மேசைமீது அடுக்கப்பட்டிருந்த சாம்பல் நிறப் பாறைகள்தாம். சிமெண்டும் சிப்பி ஓடும் கலந்து ஆர்வலர்கள் வீட்டிலேயே வார்த்தவை அவை. சந்திப்புக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியே கேட்பதால், இம்மாதப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: சந்திப்பில் பாறை வார்த்துக் காட்டியபோது நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். கலவை விகிதத்தைக் குறித்துக்கொள்ள முடியவில்லை. எந்தச் சிமெண்டு, என்ன கல், உப்பு எதற்கு என்பதை விளக்க வேண்டுகிறேன்.
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டே போதும். வெள்ளைச் சிமெண்டும் ஏற்றதுதான். விலை மட்டும் கூடுதல். நீர்புகாத் தன்மை கொண்டது, விரைவில் இறுகுவது என்றெல்லாம் உறையில் அச்சிட்டு விற்கப்படும் கலவைகளை வாங்க வேண்டாம். அவற்றில் சேர்க்கப்பட்டுள்ள பொருள்கள் எவை என்பது நமக்குத் தெரிவதில்லை. தெரியாத பொருளைப் பவளம் வாழும் நீருக்குள் இறக்குவது முறையாகாது.

கல்லைப் பொறுத்தவரை பேராக் மாநிலத்தவர்களுக்கு ஒரு நற்பேறு உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் உடைக்கப்படும் சிறுகல் நமக்கு அருகிலேயே கிடைக்கிறது. அதைவிடச் சிறந்தது கெராங் என்னும் சிப்பியின் ஓடு. பவளத்தின் எலும்புக்கூட்டைப் போலவே அதுவும் அரகோனைட் என்னும் வடிவில் அமைந்த கால்சியம் கார்பனேட்டு. சாப்பாட்டுக் கடைகளில் கேட்டுப் பெற்ற ஓடுகளைக் குளோரின் கலந்த நீரில் ஊறவைத்து, ஒட்டியுள்ள சதை முழுவதையும் நீக்கி, நன்கு அலசி வெயிலில் காயவிட்டபின், கோணிச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் உடைக்கலாம். தூளாக்கிவிடாமல் அரிசி அளவு முதல் விரல் நகத்தளவு வரை பல அளவுத் துண்டுகள் கலந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளின் மணல் செலவில்லாமல் கிடைக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதில் இரும்பும் வேறு கன உலோகத் தாதுக்களும் கலந்திருக்கக்கூடும். ஆகவே அதைத் தொடவே வேண்டாம்.

விகிதத்தை எடையால் கணக்கிடாமல் குவளையால் அளப்பதே எளிது: சிமெண்டு 1 பங்கு, உடைத்த ஓடும் கல்லும் சேர்ந்து 3 பங்கு, கல்லுப்பு 1 பங்கு. முதலில் சிமெண்டையும் ஓட்டையும் உலர்ந்த நிலையில் கலந்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்து, உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். பாறை இறுகிய பிறகு நீரில் ஊறும்போது உப்புக் கரைந்து வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் துளைகளாகிவிடும். அந்தத் துளைகளே பின்னர் நுண்ணுயிர்களின் குடியிருப்பு. நீரின் அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கலவையைக் கைப்பிடிக்குள் இறுக்கினால், பிடிகொழுக்கட்டை மாவைப் போல விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நீர் கூடிவிட்டால் சிமெண்டுப் பால் மேலே மிதந்து வந்து துளைகளை அடைத்துவிடும். அப்படி வார்த்த பாறை பார்ப்பதற்கு நடைபாதைக் கல்லாகவே இருக்கும்.

பாலிஸ்டிரின் மீன்பெட்டியில் ஈரமணலை நிரப்பி, கையாலேயே குழிகளும் மேடுகளும் அமைத்து, அதற்குள் கலவையை அழுத்தாமல் இடுங்கள். குகை வேண்டிய இடத்தில் பிவிசி குழாய்த் துண்டைச் செருகி, பாதி இறுகியதும் திருகி உருவிவிடலாம். வலுவுக்காக இரும்புக் கம்பி வைக்கவே கூடாது. கடல்நீரில் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, உள்ளிருந்தே பாறையைப் பிளந்துவிடும். துத்தநாகம் பூசிய வலையும் செம்புக் கம்பியும் நத்தை, இறால், பவளம் ஆகியவற்றுக்கு நஞ்சு. வார்ப்பு வேலையை மாலையில் நிழலில் வைத்துக்கொண்டு, ஈரச் சாக்கால் மூடி, இரண்டு நாள் கழித்து மணலிலிருந்து எடுங்கள். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிவதால்தான் இறுகுகிறது. ஆகவே வெயிலில் வைத்து உலர்த்தினால் பாறை வலுவிழக்கும். கையுறையும் முகக்கவசமும் இன்றி இவ்வேலையில் இறங்காதீர்கள். ஈரச் சிமெண்டு தோலை அரித்துப் புண்ணாக்கும்.

கேள்வி: மூன்று வாரம் ஊறவைத்த பாறைகளை என் தொட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில், நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 9-ஐத் தாண்டியிருந்தது. நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கிவிட்டன. வினிகரில் ஊறவைத்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?
வாசகர், கோலகங்சார்

பதில்: முதலில் பாறைகளை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு தொட்டி நீரில் கால் பங்கை, அதே உப்பளவும் வெப்பமும் கொண்ட புது நீரால் மாற்றுங்கள். பிஎச்சை இறக்குவதற்காக அமிலம் எதையும் ஊற்றாதீர்கள். திடீர் ஏற்றத்தில் தப்பிய உயிர்கள் திடீர் இறக்கத்தில் மடியக்கூடும்.

இனி காரணத்தைப் பார்ப்போம். சிமெண்டு நீரோடு வினைபுரியும்போது, பாறைக்கு வலுவூட்டும் சேர்மத்தோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. நம் வீடுகளில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே பொருள்தான். அது கரைந்து செறிந்த நீரின் பிஎச் 12-க்கும் மேலே செல்லும். பவளத் தொட்டிக்கு வேண்டியதோ 8.1 முதல் 8.4 வரை. வார்த்த பாறையின் மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்பு சில நாள்களில் கரைந்துவிடும், ஆனால் உட்புறத்தில் உள்ளது நுண்துளைகள் வழியே மிக மெதுவாகத்தான் கசிந்து வரும். வினிகர் மேற்பரப்பைத்தான் நடுநிலைப்படுத்துகிறது. அன்று சோதித்தால் பிஎச் சரியாகவே தெரியும். சில நாள்களில் உள்ளிருப்பது வெளிவந்து மீண்டும் ஏறிவிடும். போதாக்குறைக்கு, அமிலம் நாம் பாடுபட்டு உடைத்துச் சேர்த்த ஓட்டுத் துண்டுகளையும் அரிக்கிறது. பாறைக்குள் தங்கிவிடும் அசெட்டேட்டு தொட்டியில் பாக்டீரியாவைப் பெருக்கி நீரைக் கலங்கலாக்குகிறது. எனவே உங்கள் நண்பரின் யோசனையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பெரிய வாளியில் குழாய் நீரை நிரப்பிப் பாறைகளை மூழ்கவைத்து, முதல் வாரம் நாள்தோறும், பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். தொடக்க நாள்களில் காலையில் வாளியைப் பார்த்தால், நீரின்மேல் மெல்லிய வெண்ணிற ஆடை படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் சில்லு சில்லாக உடைந்து அடியில் இறங்கும். கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் கார்பனேட்டு அது. வாரங்கள் செல்லச் செல்ல அந்த ஆடை மெலிந்து, பின்னர் தோன்றாமலே போய்விடும். சின்ன நீர்மோட்டார் ஒன்று வாளியில் ஓடினால் இவ்வேலை விரைவுபடும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தடித்த பாறைக்கு அதற்கும் மேல். உங்கள் மூன்று வாரம் போதாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆனாலும் வாரக் கணக்கை மட்டும் நம்பிப் பாறையை இறக்கிவிடாதீர்கள். நீரைச் சோதித்தே முடிவெடுக்க வேண்டும். ஒரே குழாயின் நீரை இரண்டு வாளிகளில் பிடித்து, ஒன்றில் பாறையையும் மற்றொன்றில் வெறும் நீரையும் மூன்று நாள் மாற்றாமல் வைத்திருங்கள். குழாய் நீரின் பிஎச் காற்றுப்பட்டாலே மாறக்கூடியது என்பதால், ஒப்பிட இரண்டாவது வாளி கட்டாயம் தேவை. இரண்டு வாளி நீரின் பிஎச்சும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அடுத்து உப்புநீரில் அதே சோதனையை ஒருமுறை செய்துவிட்டுப் பாறையைத் தொட்டிக்குக் கொண்டு செல்லலாம். தொட்டியில் மணலின்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் நன்கு பொருந்தும்படி அமர்த்தி, பிறகே மணலைப் பரப்புங்கள். வார்த்த பாறை கடற்பாறையைவிடக் கனமானது. மீன்களோ இறால்களோ அடியில் தோண்டிச் சரியவிட்டால் கண்ணாடி உடைந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான் தீவுக்குச் செல்கிறோம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்தில் இரண்டு மூன்றை எடுத்து வந்தால் என்ன?
ஆசிரியை, தைப்பிங்

பதில்: எடுக்கக் கூடாது. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், பாயார் உள்ளிட்ட தீவுகளைச் சூழ்ந்த கடல், 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின்கீழ்க் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பவளத்தை, அது உயிருள்ளதோ செத்ததோ, அனுமதியின்றி எடுப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் எளிதன்று: கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன, நம் நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

சட்டத்தை விடுங்கள். திரண்டு வளரும் போரைட்டீஸ் வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் உயர்கிறது. உங்கள் கையில் அடங்கும் துண்டு ஒரு மாணவனின் தொடக்கப்பள்ளிக் காலத்தைவிட நீண்ட வளர்ச்சியாக இருக்கலாம். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களையே அரசு மூடிவைக்க நேர்ந்தது. கரையொதுங்கிய துண்டும் வீணாகக் கிடப்பதில்லை: அது நொறுங்கியே அத்தீவுகளின் வெண்மணல் உருவாகிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும் உங்களைப் போன்றவர்கள் அதை அங்கேயே காட்டிவிட்டு வருவதுதான் அழகு.

கேள்வி: சிமெண்டுப் பாறை மீன்கழிவைச் சுத்திகரிக்குமா?
வாசகர், ஈப்போ

பதில்: வைத்த அன்றே சுத்திகரிக்காது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடற்பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டியை நடத்த முடியும் என்று எழுதினார். அதில் வேலை செய்தவை பாறையில் ஒட்டியிருந்த உயிர்களே. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வார்த்த பாறையில் தொடக்கத்தில் இருப்பதில்லை. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து கையளவு பாறை ஒன்றைப் பெற்று நடுவில் வைத்தால், அதிலிருந்து அவை பரவும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கி நிலைக்கும்வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம், மீன் விட வேண்டாம். ஊதா நிறப் பூச்சுப்பாசி படர்வதற்கு மேலும் பல மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: நண்பர் கொடுத்த பழைய பாறையில் வேண்டாத பூச்சிகள் உள்ளன. கொதிநீரில் போட்டு எடுக்கலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எக்காரணத்தை முன்னிட்டும் கொதிக்க வைக்காதீர்கள். பழைய பாறையில் ஒட்டியிருக்கக்கூடிய சோவாந்தஸ், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு; கொதிக்கும்போது அது ஆவியோடு காற்றில் கலந்து, வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும்கூடக் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும்.

கேள்வி: அடுத்த சந்திப்பை எங்கள் தோட்ட மண்டபத்தில் நடத்த விரும்புகிறோம். எவற்றை ஏற்பாடு செய்ய வேண்டும்?
வாசகர்கள், சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: காலையிலேயே தொடங்கிவிடுங்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போனால், கொண்டுவந்த பவளங்களுக்குக் காற்று கிடைக்காது. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு மூன்று கைவசம் இருக்கட்டும். பவளத் துண்டுகளைப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி காற்றுமாக அடைத்துப் பாலிஸ்டிரின் பெட்டிக்குள் வைத்தே கொண்டுவரச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அவற்றை விடக் கூடாது. வாங்கிச் செல்பவர்கள் வீட்டில் அயோடின் கலந்த நீரில் முக்கி எடுப்பதோடு நிற்காமல், பவளம் ஒட்டியிருக்கும் பழைய அடிக்கட்டையையும் வெட்டி எறிவது நல்லது. முக்குவதில் பூச்சி சாகும், முட்டை சாவதில்லை.

பவளப் பரிமாற்றத்தைவிடப் பயன் தரும் ஓர் ஏற்பாட்டையும் சொல்கிறோம். ஒரு வாளி உப்புநீரை மண்டபத்தின் நடுவில் வைத்து, வந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் உப்பளவுமானியாலும் சோதனைப் பெட்டியாலும் அதே நீரை அளந்து, முடிவைப் பலகையில் எழுதட்டும். கிலோகிராமுக்கு 35 கிராம் உப்பளவு கொண்ட சரிபார்ப்புக் கரைசல் ஒரு புட்டி அருகில் இருந்தால், யாருடைய கருவி பிசகியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பாறை வார்க்கும் இடத்தைக் குழந்தைகள் நடமாடும் பகுதியிலிருந்து தள்ளி, கை கழுவும் குழாய்க்கு அருகில் அமையுங்கள். சிமெண்டு கழுவிய நீரை லயத்துச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய பெட்டியில் தேக்கிவைத்து, அடியில் படிந்தது இறுகிய பின் குப்பையோடு அகற்றுங்கள்.